பட்டாளத்தில் சொன்ன பெயர்

பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'மனைவி' என்ற கட்டத்துக்கு எதிரே எழுதியிருந்த பெயரை எங்கள் வீட்டில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

கருமாதி முடிந்து மூன்றாம் நாள். திண்ணையில் நான், என் அப்பா, அத்தை, பெரியப்பாவின் ஒரே மகளான அக்கா. நடுவில் அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை பெயின்டில் படை எண், பதவி, பெயர். ஆயுத பூஜைதோறும் எண்ணை மட்டும் புதிதாகத் தொட்டு எழுதுவார், பெயரை விட்டுவிடுவார். அதனால் எண் பளிச்சென்று இருந்தது, பெயர் பாதி உதிர்ந்திருந்தது. பெரியம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்க என்னென்ன தாள் வேண்டும் என்று ஊரிலிருந்த முன்னாள் படைவீரர் ஒருவர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் வரியே டிஸ்சார்ஜ் புத்தகம். அதைத் திறந்துதான் மாட்டிக்கொண்டோம்.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். "வடக்கே இருபத்திரண்டு வருஷம் இருந்தவன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பட்டாளத்துக்காரர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் எப்போதும் உள்ள பேச்சுதான்: அங்கே ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம். அப்பாவை அப்படி நினைக்கவே முடியாது என்றாள் அக்கா. குரலில் அவ்வளவு உறுதி இல்லை. பெரியம்மா உள்ளே படுத்திருந்தார். போய்க் கேட்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

அந்த அரை மணி நேரம் நான் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். பழைய மப்ளரில் சுற்றிய பதக்கங்கள், ஓரம் மடிந்த பயிற்சிக்கூடப் புகைப்படம், ஒரு முழு ஆயுளுக்குமான ரசீதுகள். நாற்பது வருடம் ஒரே தெருவில் இருந்திருக்கிறோம். இந்த மனிதரின் பட்டாள வாழ்க்கையில் எனக்குத் தெரிந்தது ஒரு கைப்பிடிதான் என்று அப்போதுதான் உறைத்தது.

எங்கள் ஊர் வேலூரிலிருந்து ஆரணி போகும் சாலையில், கணியம்பாடியைத் தாண்டி உள்ளே இருக்கிறது. பக்கத்திலேயே கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார் என்று பெயர் வாங்கிய ஊர். ராணுவப்பேட்டை என்றே சொல்பவர்களும் உண்டு. இது நேற்று வந்த பழக்கம் இல்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: பெரும் போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று. பஜாருக்குப் போகும்போதெல்லாம் பெரியப்பா அந்தக் கல் பக்கம் ஒரு தரம் திரும்புவார். சல்யூட் எல்லாம் கிடையாது. பஸ் நேரம் பார்ப்பவர் போல ஒரு பார்வை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நாட்டுப்பற்று என்று மேடையில் பேசுகிறார்கள். பேசட்டும். எங்கள் பக்கம் நாகநதி பாதி வருடம் மணலாகக் கிடக்கும். மானாவாரி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மழையைப் பார்த்து நிற்கும். 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத்தைப் பெரிதாக்கினார்கள், ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். பெரியப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது. எடை குறைந்ததால் அங்கேயே ஆறு வாழைப்பழம் தின்று, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தராசில் ஏறினாராம். ஏன் போனீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "மூன்று வேளையும் சோறு என்றார்கள்" என்றார்.

பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1780 வரை வேர் நீளும் பழைய பொறியாளர் படை அது. பாலம் போடுவது, பாதை திறப்பது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததை எடுப்பது ஆகியவை அவர்கள் வேலை. அங்கே சிப்பாய்க்குப் பெயரே 'தம்பி'தான். தமிழே தெரியாத பஞ்சாபி அதிகாரியும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்து, எட்டு வயதிலேயே ஏர் பிடித்த எங்கள் பெரியப்பாவை வீட்டில் யாரும் தம்பி என்று கூப்பிட்டிருக்க முடியாது. பட்டாளம் கூப்பிட்டது. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் இளகும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்சியில் முதன்முதலாகக் கண்ணிவெடியைக் கண்ணில் காட்டிய நாளில் ஒரு கதையும் சொன்னார்களாம். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்த சுபேதார் சுப்ரமணியன் கதை. 1944, இத்தாலி. உடன் வந்தவர்களுக்கு நடுவே கண்ணிவெடி ஒன்று விசை தட்டிவிட, அது வெடிக்கும் முன் அதன்மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டு இறந்தவர். மறைவுக்குப் பின் பிரிட்டிஷ் வீர விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். "அன்று ராத்திரி பாதிப் பேர் சாப்பிடவில்லை" என்றார் பெரியப்பா. நீங்கள்? "நான் சாப்பிட்டேன்."

நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் அவர் எங்களுக்கு ஒரு முகவரியாகத்தான் இருந்தார். எண், பதவி, பெயர், பிரிவு, கடைசியில் '56 ஏ.பி.ஓ.' அது ராணுவத் தபால் நிலைய எண். ஆள் எங்கே இருக்கிறார் என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே வைத்தது. நான் அதை ஓர் ஊர் என்று நம்பி, பள்ளி அட்லஸில் காஷ்மீர் முதல் ராஜஸ்தான் வரை தேடியிருக்கிறேன். நீல நிற இன்லண்ட் கடிதம் தாத்தா பெயருக்கு வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் உரக்க வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தாத்தா கட்டிலில், பாட்டி தரையில், பெரியம்மா அடுக்களை நிலைப்படியில். எல்லாக் கடிதமும் ஒன்றுபோலவே இருக்கும். நலம், நலமறிய ஆவல், மணியார்டர் வந்ததா, காளைக்குக் காணை நோய் எப்படி, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு. கடைசி வரி எப்போதும் 'வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.'

அந்தக் காலத்தில் பெண்டாட்டிக்குத் தனியாகக் கடிதம் போடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. போட்டாலும் அதையும் ஒரு சிறுவன்தான் எல்லோர் நடுவிலும் வாசித்திருப்பான். பெரியம்மாவுக்கு வந்ததெல்லாம் அந்த 'அனைவரையும்' மட்டும்தான். நான் அதை வாசித்து முடிக்கும்வரை நிலைப்படியில் நிற்பார், பிறகு உள்ளே போய்விடுவார். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடிதத்தை மடித்துக் கொடுத்தால் வெல்லம் கிடைக்கும் என்பது மட்டும் தெரியும்.

வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதச் சுட்டி, பட்டாளத்து இந்தியில் விடுமுறை. நான்கு நாள் ரயிலில் நசுங்கி, டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாகக் காட்பாடியில் இறங்குவார். முதல் இரண்டு நாள் வாயில் இந்திதான் வரும். "சலோ" என்று மாட்டையே விரட்டுவார்.

போரைப் பற்றி அவரிடமிருந்து பிடுங்கியது கொஞ்சம். மீதியைப் பிற்பாடு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தானோடு போர் தொடங்கியது. ஜம்முவுக்கு அப்போது ரயில் கிடையாது. பதான்கோட்டில் இறங்கி லாரி ஏற வேண்டும். பெரியப்பா இருந்தது ஷக்கர்கட் முனை. அந்த முனையில் பசந்தர் என்று ஓர் ஆறு. டிசம்பர் 15 இரவு 47ஆவது காலாட்படை பிரிகேட் ஆற்றைக் கடந்து அக்கரையில் காலூன்றியது. பின்னால் டாங்குகள் போய்ச் சேராவிட்டால் அக்கரையில் இருப்பவர்கள் கதி அதோகதி. இடையில் இருந்ததோ கண்ணிவெடி வயல். மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த 9ஆவது பொறியாளர் ரெஜிமென்ட் அதில் பாதை திறந்துகொண்டிருந்தது. வேலை பாதி முடிந்த நிலையில் எதிரி டாங்குகளின் நடமாட்டம் தெரிய, பூனா ஹார்ஸ் படையின் டாங்குகள் காத்திராமல் திறக்காத மீதி வயலுக்குள்ளேயே புகுந்து அக்கரை போய்ச் சேர்ந்தன. மறுநாள் நடந்த டாங்குச் சண்டையில் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் இறந்தார். வயது 21. பரம்வீர் சக்ரா. வெடி வயலில் பாதை திறந்த பொறியாளர்களில் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியும் உயிரிழந்தார். மகாவீர் சக்ரா.

போர்க்கதை சொல்பவர்களுக்கு டாங்கு பிடிக்கும். அது உறுமும், புகையும், எரியும். அதற்கு முன் இருட்டில் குப்புறப் படுத்து மண்ணைத் துழாவியவனுக்கு அரை வரிதான் கிடைக்கிறது. இது என் மனக்குறை. பெரியப்பாவுக்கு அப்படி ஒரு குறை இருந்ததாகத் தெரியவில்லை.

மல்லாட்டை பிடுங்கும் நாள் ஒன்றில், அவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு, எப்படித்தான் கண்டுபிடிப்பீர்கள் என்று விடாமல் கேட்டேன். சுற்றிலும் பார்த்தார். கூலிப் பெண்கள் வரப்பின் அந்தப் பக்கம். சட்டென்று ஈர மண்ணில் குப்புறப் படுத்தார். ஒரு ஈர்க்குச்சியை எடுத்துச் சாய்த்துப் பிடித்து, விரல் நுனியால் மண்ணுக்குள் நுழைத்தார். நேராகக் குத்தக் கூடாதாம். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் விழும். சாய்த்து நுழைத்தால் பக்கவாட்டில் தட்டும். தட்டினால் நிறுத்து. கையால் மண்ணை விலக்கு. இல்லாவிட்டால் விரற்கடை தள்ளி அடுத்தது. அப்படியே ஒரு முழம் தவழ்ந்து காட்டினார். டாங்குக்கு வைத்த பெரிய வெடி ஆள் எடைக்கு வெடிக்காது என்பதால், அதைச் சுற்றி ஆளுக்கென்றே சின்னச் சின்ன வெடிகளை வைப்பார்களாம். "அது உயிரை எடுக்காது. காலை எடுக்கும்" என்றார். எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, கூலிப் பெண்கள் பார்த்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டார்.

இன்னொன்றும் அன்று சொன்னார். சண்டை இரண்டு வாரம். அதற்குப் பின் கண்ணிவெடி பொறுக்கியது பல மாதம். எதிரி வைத்தது, நாமே வைத்தது எல்லாவற்றையும். ஊரில் வெற்றி ஊர்வலம் எல்லாம் முடிந்து எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகும் இவர்கள் படுத்துக் கிடந்தார்கள். போரில் பிடித்த அந்த நிலம் சிம்லா ஒப்பந்தத்தின்படி 1972 முடிவதற்குள் திரும்பப் போய்விட்டது. அதற்காக அவர் கோபப்பட்டதில்லை. "அதுவும் யாரோ ஒருவன் உழுகிற மண்தானே, வெடியோடு விட்டுவிட்டு வரவா?" என்றார்.

அவர் நடை ஏன் அப்படி என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. பெரியப்பா புல்லில் கால் வைக்க மாட்டார். வண்டித் தடம் இருந்தால் தடத்தில், ஒற்றையடி இருந்தால் ஒற்றையடியில், இரண்டும் இல்லையென்றால் முன்னால் போனவர் காலடியில். சொந்த நிலத்திலேயே அப்படித்தான். சிறுவர்கள் நாங்கள் பின்னால் அதேபோல நடந்து காட்டிச் சிரிப்போம். திரும்பிப் பார்த்தால் அவரும் சிரிப்பார். நடையை மட்டும் மாற்ற மாட்டார்.

1985இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். வேலூரில் ஒரு வங்கி வாசலில் பதினைந்து வருடம் துப்பாக்கியோடு நின்றார். கேன்டீன் அட்டை, மாதக் கோட்டா ரம், அதை ஊரில் பங்கிட்டுக் கொடுக்கும் முறை வரிசை, 2003க்குப் பின் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவமனை, நவம்பர் பிறந்தால் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ், 2015இல் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் வந்தபோது எவ்வளவு கூடும் என்று எல்லோர் வீட்டிலும் நடந்த கணக்கு. எல்லாப் பட்டாளத்து வீட்டிலும் நடந்ததுதான், நீட்டுவானேன். ஊரில் எதையாவது தூக்க வேண்டுமென்றால் அவரைக் கூப்பிடுவார்கள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். கோயில் கல்லோ, சாய்ந்த கம்பமோ, ஆட்களைச் சோடி சோடியாக உயரம் பார்த்து நிறுத்துவார். பட்டாளம் சட்டம் சட்டமாகப் பூட்டிப் போடும் பெய்லி பாலத்தின் இரும்புச் சட்டம் ஒன்று பத்தடி நீளம், 260 கிலோ எடை. ஆறு பேர் சேர்ந்து தூக்குவது. அதில் ஒருவன் குட்டையாக இருந்தால் மற்ற ஐந்து பேர் இடுப்பும் போய்விடும் என்பார்.

2024 ஜூலை 30 விடியற்காலை வயநாட்டில் மலை சரிந்தது. சூரல்மலையில் பழைய பாலம் அடித்துப் போய், அக்கரையில் முண்டக்கை துண்டாகிக் கிடந்தது. பெங்களூரிலிருந்து மெட்ராஸ் சாப்பர்ஸ் வந்து 190 அடி பெய்லி பாலம் போட்டார்கள். ஆகஸ்ட் 1 மாலை அதில் வண்டி போனது. பெரியப்பாவுக்கு அப்போது 79 வயது. காது மந்தம், மூச்சு வாங்கல், பாதி நேரம் படுக்கை. அந்த இரண்டு நாளும் டி.வி. முன்னால் நாற்காலியைப் போட்டு முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். செய்தியாளர் 190 அடி என்று சொன்னதும் "பத்தொன்பது கட்டு" என்றார். அப்புறம் வெகுநேரம் பேச்சே இல்லை. சேற்றில் ஆறாறு பேராகச் சட்டம் தூக்கிப் போகும் பையன்களைக் காட்டினார்கள். நாங்கள் எல்லோரும் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பார்த்தது கீழே.

"தம்பிகளுக்கு பூட்ஸ் நனைந்திருக்கிறது" என்றார். "மாற்ற நேரம் இருக்காது."

அக்டோபரில் போய்விட்டார். தூக்கத்திலேயே.

அரசு மரியாதை ஒன்றும் இல்லை. ஹவில்தார்களுக்கு யார் வரப்போகிறார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து நான்கு கிழவர்கள் வந்தார்கள். தொப்பி, சட்டையில் வரிசையாகப் பதக்கம், கீழே வேட்டி. பாடையைத் தூக்கும் முன் வரிசையாக நின்றார்கள். அவர்களில் மூத்தவர், நுரையீரலில் மிச்சம் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி "சாவ்தான்!" என்றார். ரப்பர் செருப்புக் கால்கள் ஒன்றாய்ச் சேர்ந்தன. யாரும் சொல்லாமலேயே பறை நின்றது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு மூத்தவர் தலையசைக்க, பறை மறுபடி எடுத்தது.

திண்ணைக்கு வருகிறேன். கடைசியில் பெரியம்மாவே எழுந்து வந்தார், பெட்டியைத் திறந்த சத்தம் கேட்டு. நான்கு பேரும் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து என்ன என்றார். அக்கா தயங்கித் தயங்கி அந்தப் பெயரைச் சொன்னாள்.

பெரியம்மா முகத்தில் பதினாறு நாளாக இல்லாத ஒன்று வந்து போனது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். முதலில் அழுகிறார் என்றே நினைத்தோம்.

"நான்தான்" என்றார்.

1969இல் கல்யாணம். இருபது நாள் சேர்ந்திருந்தார்கள். அந்த இருபது நாளில் அவர் வைத்த பெயர். அறைக்கு வெளியே அதைக் கூப்பிட்டதில்லை. சுட்டி முடிந்து பட்டாளத்துக்குத் திரும்பியதும் குடும்ப விவரம் எழுதிக்கொள்ளக் கூப்பிட்டார்கள். விறைப்பாக நின்றுகொண்டிருந்தவரிடம், மனைவி பெயர் என்ன என்று கிளார்க் கேட்டாராம். வாயில் வந்தது அதுதான். பேனா எழுதிவிட்டது. அடுத்த சுட்டியில் வந்து சொன்னபோது பெரியம்மா திட்டினாராம், உடனே போய் மாற்றச் சொல்லி. "மாற்றிக்கொள்ளலாம்" என்றவர் ஐம்பத்தைந்து வருடம் மாற்றவில்லை. கடைசிவரை அது ஓர் அறையிலும் ஓர் அரசாங்கப் புத்தகத்திலும் மட்டும் இருந்தது.

அத்தை எழுந்து காபி போடப் போனார்.

பிறகு ஏழு மாதம் அந்தப் பெயரோடு அலைந்தோம். ஆதாரில் ஒரு பெயர், ராணுவப் பதிவில் ஒரு பெயர். இரண்டும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் பிரமாணம், நோட்டரி, கிராம நிர்வாக அலுவலர் சான்று, பழைய கல்யாணப் பத்திரிகை. ஓர் அலுவலகத்தில், எது என்று சொல்ல வேண்டாம், கவுன்ட்டரில் இருந்த இளைஞன் தலையைத் தூக்காமலேயே "இதில் எதும்மா உண்மையான பெயர்?" என்று கேட்டான். "இரண்டும்தான் தம்பி" என்றார் பெரியம்மா. அவன் எரிச்சலோடு ஏதோ குறித்துக்கொண்டான்.

திருத்திய ஆணை 2025 மே மாதம் வந்தது. பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்பது வருடத்துக்கு முன் இன்லண்ட் கடிதம் வாசித்த அதே வீட்டில். அவர் இப்போதும் நிலைப்படியில்தான் நின்றார். எண், பதவி, பெயர். மனைவி பெயர் என்ற இடத்தில் ஆதாரில் உள்ளபடி, எழுத்துப் பிழையின்றி இருந்தது. மாதத் தொகையைச் சொன்னேன். தலையாட்டினார்.

"பழைய பெயரை எடுத்துவிட்டார்களா?"

"ஆமாம் பெரியம்மா. அதற்காகத்தானே இவ்வளவு அலைந்தோம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டிஸ்சார்ஜ் புத்தகம் எங்கே என்று கேட்டார். நகல்தான் கொடுத்திருக்கிறோம், அசல் நம்மிடமே இருக்கிறது என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கினார். பெட்டியில் வைப்பார் என்று மூடியைத் திறந்தேன். பெட்டியைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.